தோட்ட உலா: அடுத்தவர் வீட்டுத் தோட்டத்துக்குள் முதல் தடவை போகிறவர்களுக்கு

தெருவில் நடக்கும்போது ஒரு வேலிக்கு மேலே பூத்துத் தொங்கும் கொடியைப் பார்த்து, உள்ளே இன்னும் என்னென்ன இருக்குமோ என்று நின்றிருப்பீர்கள். கதவைத் தட்டிக் கேட்க மனசு வராது. தோட்ட உலா அந்தக் கதவைத் திறந்துவிடுகிற ஏற்பாடு. ஒரு வட்டாரத்தின் தோட்டக்கலைச் சங்கமோ அறக்கட்டளையோ சில வீட்டுக்காரர்களிடம் பேசும். அவர்கள் தங்கள் தோட்டத்தை ஒருநாளோ இரண்டு நாளோ எல்லோருக்கும் திறந்து வைப்பார்கள். நாம் சீட்டு வாங்கிக்கொண்டு, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பார்க்கலாம்.

இது பழைய வழக்கம். இங்கிலாந்தில் வீடு தேடிப் போய் நோயாளிகளைக் கவனித்த செவிலியர்களுக்கு நிதி திரட்ட எல்சி வாக் என்ற பெண்மணி சொன்ன யோசனையில் 1927-இல் இது தொடங்கியது. அந்த முதல் ஆண்டிலேயே 609 தனியார் தோட்டங்கள் திறக்கப்பட்டன. அந்த அமைப்பு இன்றைக்கும் நேஷனல் கார்டன் ஸ்கீம் என்ற பெயரில் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1929-இலிருந்து தோட்ட வாரம் நடக்கிறது. அமெரிக்காவிலேயே கார்டன் கன்சர்வன்சி என்ற அமைப்பு 1995-இல் 'திறந்த நாட்கள்' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர்தான் வேறு, ஏற்பாடு ஒன்றுதான்.

பெரிய பூங்காவையும் தாவரவியல் தோட்டத்தையும் பார்த்தவர்களுக்கு இதில் என்ன புதுசு என்று தோன்றலாம். பூங்காவைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பராமரிக்கிறார்கள். வாடிய செடியை இரவோடு இரவாக மாற்றிவிடுவார்கள். வீட்டுத் தோட்டத்தை ஒருவரோ இருவரோ, வேலை முடிந்து வந்த நேரத்தில், உங்களைப் போலவே கைச்செலவைப் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள். நிழல் விழும் மூலை, தண்ணீர் தேங்கும் பள்ளம், அடுத்த வீட்டுச் சுவர், களிமண் என்று உங்களுக்கு இருக்கும் தொல்லைகள் எல்லாம் அவர்களுக்கும் இருந்திருக்கும். அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கவும், செய்தவரிடமே கேட்கவும் இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. அந்த நோக்கத்தோடு போனால் ஒரு நாளில் கற்பது அதிகம். பூப் பார்க்க மட்டும் போனால் பூ மட்டும்தான் தெரியும்.

எத்தனை தோட்டம், எந்த வரிசையில்

பட்டியலில் பத்துப் பன்னிரண்டு தோட்டங்கள் இருக்கும். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள். என் முதல் உலாவில் ஒன்பது தோட்டங்களுக்கு ஓடினேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது இரண்டுதான் தெளிவாக நினைவில் இருந்தன. எந்தக் குளம் எந்த வீட்டில் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. மூன்று அல்லது நான்கு போதும். ஒரு தோட்டத்துக்குக் குறைந்தது முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் இடத்தின் அளவும் வெயிலும் எப்படியோ, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றை முதலில் எடுங்கள். பால்கனியில் தொட்டி வைத்திருப்பவர் ஒரு ஏக்கர் தோட்டத்தில் மலைத்துப்போய் நிற்பதைவிட, ஒரு சின்ன முற்றத்தில் இருபது தொட்டிகளை அடுக்கியிருப்பவரிடம் நிறையக் கற்கலாம். அடுத்து, உங்களுக்கு இருக்கும் ஒரு குறிப்பிட்ட சிக்கலைத் தீர்த்திருக்கும் தோட்டம் ஒன்று: சரிவான நிலம், தண்ணீர்ப் பற்றாக்குறை, முழு நிழல், இப்படி. மூன்றாவது வெறும் ஆசைக்காக இருக்கட்டும். படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், குறிப்பையும் படியுங்கள். படிக்கட்டு உண்டா, சக்கர நாற்காலி போகுமா, நாயைக் கூட்டிவரலாமா, கழிப்பறை வசதி உண்டா, படம் எடுக்க அனுமதி உண்டா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

வரிசையைத் தூரத்தை வைத்து மட்டும் போடாதீர்கள். பூக்களுக்கும் நேரம் உண்டு. மார்னிங் குளோரி காலையில் விரிந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். டேபிள் ரோஸ் நல்ல வெயில் வந்த பிறகுதான் விரியும். அல்லியில் பகலில் பூப்பவையும் உண்டு, இரவில் பூப்பவையும் உண்டு. அந்திமந்தாரை, பெயருக்கேற்ப, பொழுது சாயும் நேரத்தில்தான் கண் திறக்கும். குறிப்பில் குளம் என்று பார்த்தால் அந்தத் தோட்டத்தை முற்பகலுக்கு வையுங்கள். வாசனைச் செடிகள் என்று பார்த்தால் கடைசிக்கு வையுங்கள். எதுவும் புரியவில்லை என்றால், எந்தத் தோட்டத்தை அதிகம் பார்க்க விரும்புகிறீர்களோ அதற்குத் திறந்தவுடன் போங்கள். கூட்டம் இருக்காது, வீட்டுக்காரரும் களைத்திருக்க மாட்டார்.

முந்தின நாள் செய்ய வேண்டியது

செருப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். தட்டையான அடி உள்ள, வழுக்காத, கழுவ முடிகிற காலணி வேண்டும். குதிகால் உயர்ந்த செருப்பு புல்தரையில் குத்திக் குழி போடும். அதைவிட முக்கியம், முந்தின நாளே அடிப்பக்க மண்ணைப் பிரஷ்ஷால் சுரண்டி, கழுவி, காயவைத்துவிடுங்கள். வேர்முடிச்சு நூற்புழுவும், வேரழுகல் நோயை உண்டாக்கும் ஃபைட்டாஃப்தோரா போன்ற கிருமிகளும், களை விதைகளும் காலணியில் ஒட்டிய மண்ணோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரும். ஒரே நாளில் நான்கு தோட்டத்தில் நடக்கிறோம். நம் கால் வழியாக ஒருவருடைய மண் கெட்டுப்போகக் கூடாது. தோட்டத்துக்குத் தோட்டம் போகும்போதும் மண் ஒட்டியிருந்தால் தட்டித் துடைத்துவிட்டு ஏறுங்கள். பையில் ஒரு பழைய பிரஷ்ஷும் துணியும் இருந்தால் போதும்.

பை சின்னதாக இருக்கட்டும். முதுகுப் பை வேண்டாம். குறுகலான பாதையில் திரும்பும்போது பின்னால் என்ன ஒடிகிறது என்று நமக்குத் தெரியாது. குடைக்குப் பதிலாகத் தொப்பியோ மழைக்கோட்டோ நல்லது, குடைக் கம்பி கொடியிலும் பக்கத்தில் நிற்பவர் முகத்திலும் படும். தண்ணீர் பாட்டில், ஒரு குறிப்பேடு, பென்சில். பேனாவை விடப் பென்சில் ஏன் என்றால், பனியிலும் தூறலிலும் நனைந்த தாளிலும் அது எழுதும்.

வாசலில்

வண்டியை ஏற்பாட்டாளர்கள் சொன்ன இடத்தில் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இந்த உலாவில் சேர்ந்தவர் இல்லை, அவர் வாசலை மறைக்க நமக்கு உரிமை இல்லை. இந்த ஒரு விஷயத்தால் அடுத்த ஆண்டு தோட்டத்தைத் திறக்கத் தயங்கியவர்கள் உண்டு.

வாசலில் நிற்கும் தன்னார்வலரிடம் சீட்டைக் காட்டி, எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்திருப்பது தோட்டம்தான், வீடு அல்ல. ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்ப்பதும், பின்கட்டுக் கதவைத் திறந்து பார்ப்பதும், கயிறு கட்டிய பக்கம் தாண்டிப் போவதும் வேண்டாம். சொல்லவே தேவையில்லாத விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் செடியில் மயங்கி நடக்கும்போது எல்லை மறந்துவிடும்.

உள்ளே நடக்கும் விதம்

முதல் சுற்றில் போனைப் பையில் வையுங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிற்காமல், தோட்டம் முழுவதையும் ஒரு தடவை மெதுவாக நடந்து முடியுங்கள். பாதை எங்கே அகலமாகிறது, எங்கே திரும்புகிறது, எந்த இடத்தில் உங்கள் கால் தானாக நின்றது என்பதை மட்டும் கவனியுங்கள். கால் தானாக நின்ற இடங்களில்தான் அந்தத் தோட்டத்தின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இரண்டாவது சுற்றில் அந்த இடங்களுக்குத் திரும்பிப் போய், ஏன் நின்றோம் என்று பாருங்கள். ஒரு உயரமான செடிக்குப் பின்னால் அடுத்த பகுதி மறைந்திருக்கலாம். அடர்ந்த பச்சைக்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளைப் பூச்செடி வைத்திருக்கலாம். காரணம் பெரும்பாலும் எளியதாக இருக்கும். அதனால்தான் அதை நம்மாலும் வீட்டில் செய்ய முடியும்.

பாதையை விட்டுப் பாத்தியில் கால் வைக்காதீர்கள், ஒரே ஒரு அடி என்றாலும். நல்ல தோட்ட மண்ணில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். அதில் காற்றும் நீரும் இருக்கின்றன, வேர் அங்கேதான் மூச்சு விடுகிறது. மிதிக்கும்போது அந்த வெற்றிடம் நசுங்குகிறது. முதல் மிதியில்தான் மண் அதிகமாக இறுகும், ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். நூறு பேர் வரும் நாளில் ஆளுக்கு ஒரு அடி என்றால் அந்தப் பாத்தி அவ்வளவுதான்.

அப்புறம், பூவைப் பார்த்து முடித்ததும் கண்ணைக் கீழே இறக்குங்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான். மண் வெறுமையாகத் தெரிகிறதா, அதை மூடி மூடாக்கு போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் இலைச்சருகா, மரச்சீவலா, எத்தனை விரல் தடிமன்? தண்டை ஒட்டி மூடாக்கைக் குவிக்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறார்களா? அப்படி விட்டிருந்தால் தண்டழுகலைப் பற்றித் தெரிந்தவர் என்று அர்த்தம், அவரிடம் நிறையக் கேட்கலாம். சொட்டுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது? கொடிகளை எதில் கட்டியிருக்கிறார்கள்? பக்கத்துப் பக்கத்துச் செடிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள்? இதைக் கையளவிலோ காலடியிலோ அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாற்றங்காலில் வாங்கும் சின்னச் செடி வளர்ந்தபின் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பது வளர்ந்த தோட்டத்தில்தான் தெரியும்.

போனில் திசைகாட்டி இருக்கும். ஒரு செடி செழிப்பாக இருந்தால் அது எந்தத் திசை வெயிலை வாங்குகிறது, எதன் நிழல் அதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் செழித்த செடியைக் கொண்டுபோய் மாலை வெயில் காயும் சுவரோரம் வைத்துவிட்டு, அது வாடுகிறதே என்று வருந்துகிறவர்கள் அதிகம்.

கம்போஸ்ட் குழி இருக்கும் மூலையை அவர்கள் மறைத்திருப்பார்கள். அனுமதி இருந்தால் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்காரரிடம் பேசுவது

தயங்காதீர்கள். தோட்டத்தைத் திறந்து வைத்தவர் பேசுவதற்காகத்தான் நிற்கிறார். "ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அவருக்கும் ஒன்றும் கிடைக்காது, உங்களுக்கும் ஒன்றும் கிடைக்காது. ஒரு செடியைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள்.

"இதை வச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

"வெயில் காலத்துல வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணி விடுறீங்க?"

"கவாத்து எப்போ பண்ணுவீங்க?"

"இந்த இடத்துல இதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

நான் எல்லாத் தோட்டத்திலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இங்கே எது வராமப் போச்சு?" இதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிடும். மூன்று தடவை நட்டு மூன்று தடவையும் செத்த செடியைப் பற்றி, ஐந்து வருடம் போராடிக் கடைசியில் பிடுங்கி எறிந்த கொடியைப் பற்றி, அவர் சொல்லிக்கொண்டே போவார். பக்கத்து வட்டாரத்தில், அதே மழையில், அதே மாதிரி மண்ணில் எது பிழைக்காது என்ற தகவல் அது. செடி அட்டையில் இதை அச்சிட மாட்டார்கள்.

எவ்வளவு செலவாச்சு என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். கேட்காமலே திருத்தம் சொல்வதும் வேண்டாம். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் உங்களிடம் ஒரு வாக்கியம் சொல்வார்கள்: "நீங்க போன வாரம் வந்திருக்கணும்!" அவர் கண்ணுக்கு உதிர்ந்த பூவும் வாடிய இலையும்தான் தெரிகின்றன. அப்போது, இன்றைக்கு உங்களுக்குப் பிடித்த ஒன்றைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். பல வாரங்களாக இந்த ஒரு நாளுக்காகக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தவர் அவர்.

செடியின் பெயரைக் கேட்கும்போது தாவரவியல் பெயரையும் சேர்த்துக் கேட்டு எழுதுங்கள். லில்லி என்று பேச்சுவழக்கில் சொல்லும் பலவற்றில், பீஸ் லில்லி ஸ்பாத்திஃபில்லம், டே லில்லி ஹெமரோகாலிஸ், வாட்டர் லில்லி நிம்ஃபேயா. ஒன்றுகூட உண்மையான லிலியம் இல்லை. 'லில்லி' என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் கடையில் என்ன கேட்பீர்கள்? பெயரோடு ஒற்றை மேற்கோள் குறிக்குள் இன்னொரு பெயர் இருந்தால் அது ரகத்தின் பெயர், அதையும் விடாதீர்கள். அதே செடியின் வேறு ரகம் இரண்டு மடங்கு உயரம் வளரக்கூடும்.

பறிக்காதீர்கள், கிள்ளாதீர்கள்

ஒரு குச்சிதானே, ஒரு விதைதானே என்று தோன்றும். கேட்காமல் எடுத்தால் அது திருட்டு. என் தோட்டத்தைத் திறந்து வைத்த ஒரு நாளில், நான்கு வருடம் காத்திருந்து முதல் மொட்டு விட்ட ஒரு செடியின் நுனியை யாரோ கிள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கிள்ளியவர் அதை வேர் பிடிக்க வைத்திருக்கவும் முடியாது, மொட்டு விட்ட தண்டு எளிதில் வேர் விடாது. கேட்டிருந்தால் சரியான இடத்தில் நானே வெட்டி, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்திருப்பேன்.

ஆகவே கேளுங்கள். தோட்டக்காரர்கள் கொடுக்கும் குணம் உள்ளவர்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். மறுத்தால் சரி என்று விட்டுவிடுங்கள். சில புது ரகங்களுக்குக் காப்புரிமை உண்டு, அமெரிக்காவில் 1930-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. அப்படிப்பட்ட செடியைக் குச்சி வைத்துப் பெருக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும், வீட்டுக்காரர் நினைத்தாலும் கொடுக்க முடியாது. வேறு நாட்டுக்குப் போயிருந்தால் விதையையும் குச்சியையும் மண்ணையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வரவே கூடாது. அமேசான் படுகையில் பிறந்த வெங்காயத்தாமரை, பூ அழகாக இருக்கிறது என்று மனிதர்கள் நாடு நாடாகக் கொண்டுபோனதால்தான் உலகத்தின் ஏரிகளை இன்று மூடிக்கொண்டிருக்கிறது. உண்ணிச்செடியும் அப்படி அலங்காரத்துக்காகப் பயணம் செய்ததுதான்.

இலையைத் தொட்டுப் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். அரளியில் எல்லாப் பாகமும் நஞ்சு. ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கள்ளி வகைகளின் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலும் காயமும் வரும். அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் டைஃபன்பாக்கியாவை மென்றால் ஊசி போன்ற படிகங்கள் வாயையும் நாக்கையும் வீங்க வைக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள், குளம் இருக்கும் தோட்டத்தில் அவர்கள் கையை விடாதீர்கள். தேனீப் பெட்டி இருந்தால் அதன் வாசலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டிலோ பின்புறமோ நின்று பாருங்கள். முன்னால் நிற்பது அவை பறந்து வரும் வழியை மறிப்பது.

படம் எடுப்பது

முதலில் அனுமதி கேளுங்கள். முக்காலி வேண்டாம், பாதையை அடைத்துவிடும். முழுத் தோட்டத்தின் படத்தைவிட, பெயர் அட்டை ஒரு படம், அடுத்து இலை ஒரு படம், அடுத்து செடி முழுவதும் ஒரு படம் என்று வரிசையாக எடுத்தால் பின்னால் பயன்படும். ஒவ்வொரு தோட்டத்துக்குள் நுழையும்போதும் வரைபடத்தில் அந்தத் தோட்டத்தின் எண்ணை ஒரு படம் எடுத்துவிடுங்கள், வீட்டுக்கு வந்தபின் எது எந்தத் தோட்டம் என்று குழம்ப வேண்டியதில்லை. வெளியில் பகிர்வதாக இருந்தால் வீட்டு எண், வண்டி எண், வீட்டு மனிதர்களின் முகம் எதுவும் தெரியக் கூடாது. படத்தில் இடத் தகவல் பதியும் வசதியை அணைத்துவிடுங்கள். அவர்கள் கதவைத் திறந்தது ஒருநாளுக்குத்தான்.

திரும்பி வந்தபின்

அன்று இரவே குறிப்புகளை ஒருமுறை படித்து, கிறுக்கலை எல்லாம் முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள். மறுநாள் பாதி மறந்துவிடும். பிறகு ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். நான்கு தோட்டத்தின் ஆசைகளையும் ஒரே சமயத்தில் நட்டால் எதையும் கவனிக்க முடியாது. செடி வாங்குவதற்கு முன்னால், மூடாக்கு போடுவது, பாதையை அகலப்படுத்துவது, தொட்டிகளை உயர வரிசையில் மாற்றி வைப்பது மாதிரி செலவில்லாத ஒன்றைச் செய்து பாருங்கள். செடியே வாங்குவதானால், அது உங்கள் பகுதியில் கட்டுமீறிப் பரவும் இனமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

குச்சி கொடுத்தவருக்கு நன்றி சொல்வதோடு நிறுத்தாமல், அது துளிர் விட்டதும் ஏற்பாட்டாளர் மூலமாக ஒரு படம் அனுப்புங்கள். அடுத்த ஆண்டு வாசலில் சீட்டு பார்க்க ஆள் தேவையா என்றும் அப்போதே கேட்டு வையுங்கள். இந்த உலாக்கள் எல்லாம் தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கின்றன. கூட்டம் இல்லாத நேரத்தில், நிதானமாக, வீட்டுக்காரரோடு நடந்து தோட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் கிடைக்கிறது.